சாலை நெறி கண்ட ஈனோ

1867ஆம் ஆண்டில் ஒரு நாள், நியூயார்க் நகரத்துத் தெருவொன்றில் குதிரை வண்டிகள் சில ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றன. அவை எண்ணிக்கையில் மிகுதியானவை அல்ல. ஏறத்தாழப் பன்னிரண்டு வண்டிகளே இருந்தன. ஆயினும், முன்னே செல்லவும் ஒருவராலும் இயலவில்லை. பின்னே திரும்பவும் இயலவில்லை. யார் முதலில் செல்லவேண்டும், யார் ஒதுங்கி நிற்கவேண்டும் என்பதை வண்டியோட்டிகள் அறியார். அங்கிருந்த காவலரும் அறியார். அவ்வண்டிகளுள் ஒன்றில், தாயின் அருகே, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அமர்ந்திருந்தான். அவனே பிற்காலத்தில் சாலைப் போக்குவரத்தின் நெறிகளை எழுத்தில் வடித்துத் தந்த வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ என்பவர்.

அந்நிகழ்ச்சி முதுமையிலும் அவர் நினைவைவிட்டு நீங்கவில்லை. அன்று தெரு அடைபட்டது வண்டிகள் பெருகியதால் அன்று, ஒழுங்கு இல்லாமையால்தான். பன்னிரண்டு வண்டிகள் அகன்ற தெருவொன்றை அடைத்துவிடக் கூடுமானால், குறை தெருவில் இல்லை, ஓட்டுவோரிடத்தே இருக்கின்றது என்பது அவருக்குப் பின்னர் விளங்கிற்று. அவர் வாழ்நாள் முழுவதும் செய்த பணிக்கு அந்த ஓர் எண்ணமே வித்தாயிற்று.

ஈனோ 1858ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 3ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் அமோஸ் ஈனோ நிலமும் கட்டடங்களும் வாங்கி விற்றுப் பெரும்பொருள் ஈட்டியவர். அந்நகரில் புகழ்பெற்று விளங்கிய ஐந்தாம் அவென்யூ விடுதியைக் கட்டியவரும் அவரே. மைந்தர் யேல் பல்கலைக்கழகத்திற் பயின்று, பின்னர்த் தந்தையாரின் தொழிலிலேயே ஈடுபட்டார். செல்வர் வீட்டுப் பிள்ளை. உழைத்து உண்ணவேண்டிய நிலை இல்லை. 1898இல் தந்தையார் மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே ஈனோ தொழிலைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. பொருளும் ஓய்வும் ஒருங்கே வாய்த்தவர் பலர் வேட்டையிலும் விருந்திலும் காலம் கழித்த நாளில், இவர் மட்டும் தெருவிலே வண்டிகள் எவ்வாறு செல்லவேண்டும் என்று ஆராயத் தொடங்கியதைக் கண்டு அவர் சுற்றத்தார் வியந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

அக்காலத்து நியூயார்க் தெருக்களின் நிலையை இன்று எண்ணிப் பார்ப்பதும் அரிது. அந்நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் இருந்தன. நிலக்கரி ஏற்றிய பாரவண்டிகள், பால் வண்டிகள், செல்வர் ஏறிச் செல்லும் கோச்சு வண்டிகள், இருப்புப் பாதையில் ஓடும் டிராம் வண்டிகள், இவற்றின் இடையே புகுந்து புறப்படும் மிதிவண்டிகள், இவையெல்லாம் ஒரே தெருவில் கலந்து சென்றன. சரக்கு இறக்குவோர் வண்டியைத் தெருவின் குறுக்கே நிறுத்திப் பின்புறத்தைக் கடைவாயிலுக்கு நேராகத் தள்ளி வைப்பர். நின்ற வண்டிகள் எத்திசையை வேண்டுமாயினும் நோக்கி நின்றன. தெருவோரத்தில் சேறும் குப்பையும் நின்ற வண்டிகளும் இருந்தமையால், ஊர்ந்து செல்லும் பாரவண்டியும் தெருவின் நடுவையே நாடிற்று. அதன் பின்னே விரைந்து வரும் வண்டி, இடப்புறமோ வலப்புறமோ வழி கிடைத்த பக்கத்திற் புகுந்து முந்திற்று. எதிரே வருபவன் எப்பக்கம் ஒதுங்குவது என்று அறியாமல் திகைத்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுச் சாலைகளில் வண்டிகள் வலப்புறமாகவே செல்லவேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 1804ஆம் ஆண்டிலேயே விதித்திருந்தது. ஆனால், அச்சட்டம் ஏட்டில் இருந்ததேயன்றி, வண்டியோட்டியின் கைக்கு எட்டவில்லை. அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பார் எவரும் இலர். மீறினவனை நிறுத்திக் கேட்பாரும் இலர்.

இந்நிலையில் மோட்டார் வண்டியும் தெருவுக்கு வந்தது. வேகமாகச் செல்லும் மிதிவண்டிக்காரரைத் துரத்திப் பிடிப்பதற்காக 1895இல் நகரக் காவல் துறையில் மிதிவண்டிப் படையொன்று அமைக்கப்பட்டிருந்தது. 1899ஆம் ஆண்டு மே திங்களில் அப்படையைச் சேர்ந்த காவலர் ஒருவர், மின்சார வாடகை வண்டியை மணிக்கு 12 மைல் வேகத்தில் ஓட்டிச் சென்ற ஒருவனைப் பின்தொடர்ந்து பிடித்தார். அன்று நகரத்தில் இசைவளிக்கப்பட்ட வேகம் 8 மைல். தெருமுனையில் திரும்பும்போது 4 மைல். இன்று மாணவர் மிதிவண்டியில் எளிதாகச் செல்லும் வேகம் அன்று சிறைக்கு வழிகாட்டிற்று! ஆனால், நகைப்பதற்கு இடமில்லை. அவ்வாண்டு செப்டம்பரிலேயே, டிராம் வண்டியினின்று இறங்கிய ஒருவர்மீது மின்சார வாடகை வண்டி மோதிற்று. அவர் உயிர் பிழைக்கவில்லை. அமெரிக்காவில் மோட்டார் வண்டியால் நேர்ந்த முதல் உயிரிழப்பு என வரலாறு குறிப்பது அதுவே. டிராமிலிருந்து இறங்குவோர்க்கு நிற்க ஓரிடமும், வண்டி செல்வதற்கு உரிய பக்கமும் வரையறுக்கப்படாத தெருவில் அத்தகைய துன்பம் நேர்வது வியப்பன்று.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈனோ, குதிரையேற்றத்திலும் வண்டியோட்டத்திலும் விருப்புடையார் படிக்கும் இதழொன்றில், தெருப் போக்குவரத்தைச் சீர்திருத்தவேண்டிய இன்றியமையாமையை விளக்கிக் கட்டுரை எழுதினார். எழுதியதோடு அவர் அமைந்துவிடவில்லை. நகர அதிகாரிகளையும் காவல் துறையினரையும் விடாது அணுகினார். பயன் உடனே விளையவில்லை. தெருவில் எவ்வாறு செல்வது என்பதை ஒருவர்க்கு மற்றொருவர் விதிப்பதா என்னும் மனநிலை வண்டியோட்டிகளிடத்தில் வேரூன்றியிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் காத்திருக்க நேர்ந்தது. இறுதியில் காவல் துறை ஆணையராக இருந்த தளபதி கிரீன் என்பவர் அவர் கருத்தை ஏற்றார். 1903ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் ஈனோ வகுத்த ஓட்டுநெறிகள் நகர விதிகளாயின.

அவ்விதிகள் பருத்த நூலாக வெளிவரவில்லை. சட்டைப்பையில் அடங்கும் சிறு துண்டுப் பிரசுரமாகவே வந்தன. ஈனோ தம் சொந்தச் செலவில் அதனைப் பல்லாயிரக் கணக்கில் அச்சிடுவித்து, வண்டிக்காரர்க்கும் காவலர்க்கும் வழங்கச் செய்தார். அவருடைய அறிவு கூர்மை இதில்தான் நன்கு விளங்குகின்றது எனலாம். விதி வகுப்போர் பலர் உளர். அவ்விதி யாரைச் சென்று சேரவேண்டுமோ அவர் கைக்கே அதைக் கொண்டுசேர்க்கக் கவலை கொள்வோர் சிலரே.

அந்நெறிகளை அறிந்துகொள்ளுமுன் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்புறத்திலும், நம் நாட்டில் இடப்புறத்திலும் செல்கின்றன. ஆதலின், கீழே வலம் என்று வருமிடத்தில் நாம் இடம் என்று மாற்றிக்கொண்டால் அந்நெறி நமக்கும் அப்படியே பொருந்தும்.

வண்டிகள் வலப்புறமாகவே செல்லவேண்டும். எதிரே வருவதற்கு வலப்பக்கம் ஒதுங்கி வழிவிடவேண்டும். முன்னே செல்வதை முந்தவேண்டின் அதன் இடப்பக்கமாகவே முந்தவேண்டும். வலப்புறம் திரும்புவோர் ஓரத்தை ஒட்டித் திரும்பவேண்டும். இடப்புறம் திரும்புவோர் நாற்சந்தியின் நடுவைச் சுற்றிச் சென்று திரும்பவேண்டும். நிற்கப் போகின்றவனும் வேகத்தைக் குறைப்பவனும் சாட்டையையோ கையையோ உயர்த்திப் பின்னே வருபவனுக்கு முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும். நிறுத்தும்போது வண்டியின் வலப்பக்கம் தெருவோரத்தை ஒட்டியிருக்கவேண்டும். தீயணைப்பு வண்டிக்கும் நோயாளரைக் கொண்டுசெல்லும் வண்டிக்கும் யாவரும் வழிவிடவேண்டும். சந்திகளில் எத்திசை வண்டிக்கு முன்னுரிமை என்பதும் குறிக்கப்பட்டது.

இவற்றுள் மிகச் சிறியதாகத் தோன்றும் ஒரு விதியே மிகப் பெரும்பயன் விளைத்தது. மெல்லச் செல்லும் வண்டி தெருவின் வலது ஓரத்தை ஒட்டியே செல்லவேண்டும். நடுப்பகுதியை விரைந்து செல்வோர்க்கு விட்டுவிடவேண்டும் என்பதே அவ்விதி. இதனால் மெல்லச் செல்வோனுக்கு இழப்பு ஒன்றுமில்லை; அவன் தன் நடையிலேயே செல்லலாம். விரைந்து செல்வோனுக்கும் வளைந்து நெளிந்து புகவேண்டிய தேவை இல்லை. சாலையில் இடர் விளைப்பது வேகம் ஒன்று மட்டும் அன்று. ஒரே தடத்தில் வேறுபட்ட வேகங்கள் கலப்பதும் இடர் விளைக்கும். எல்லா வண்டிகளும் அளவான வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும்போது முந்தும் தேவையே குறைகின்றது. நடுவே ஒருவன் ஊர்ந்து சென்றாலோ, அவன் பின்னே வருவோர் அனைவரும் பக்கம் மாறவேண்டியவராகின்றனர். ஒவ்வொரு மாற்றத்திலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கின்றது. அதுபோலவே, முந்தியபின் தன் பக்கத்துக்குத் திரும்பாமல் நடுவிலேயே செல்கின்றவனும் பிறர் வழியை அடைக்கின்றான். அவன் விரைந்து செல்வதால் அக்குற்றம் நீங்கிவிடாது.

வேகம் இருமடங்கானால், தடையை அழுத்தியபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது. குதிரையின் காலத்தில் இதனை யாரும் கணக்கிட்டுப் பார்க்க நேரவில்லை. குதிரைக்கும் கண் உண்டு. வண்டியோட்டி உறங்கினாலும் அது சுவரில் மோதாது. மோட்டாருக்குக் கண் இல்லை. ஈனோ குதிரைக்காக எழுதிய விதிகள் மோட்டார் வந்தபின் முன்னிலும் பன்மடங்கு தேவைப்பட்டதற்குக் காரணம் இதுவே.

1905ஆம் ஆண்டில் அவர் மற்றொரு சீர்திருத்தம் செய்தார. நியூயார்க்கில் கொலம்பசின் சிலை உயர்ந்து நிற்கும் வட்டத்தில் பல தெருக்கள் வந்து கூடுகின்றன. வண்டிகள் சிலையின் இரு பக்கமும் விரும்பியவாறு சென்றமையால் அங்கே ஓயாத குழப்பம் இருந்தது. எல்லா வண்டிகளும் சிலையை ஒரே திசையில் சுற்றிச் செல்லவேண்டும் என்று ஈனோ கூறிய முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. பாரிசு மாநகரில் பன்னிரண்டு பெருந்தெருக்கள் கூடும் வெற்றி வளைவைச் சுற்றியும் 1907இல் இம்முறை மேற்கொள்ளப்பட்டது. ஆங்கே ஏனார் என்னும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரும் இதே கருத்தைத் தாமே கண்டு வெளியிட்டிருந்தார். ஆகவே, அதன் பெருமை இருவர்க்கும் உரியது என்பதே நேர்மையான தீர்ப்பாகும்.

ஈனோவின் புகழ் வளர வளர, அவர் செய்யாதவற்றையும் அவர் பேரில் ஏற்றிச் சொல்லும் வழக்கம் தோன்றிற்று. ஒருவழித் தெருவை முதலிற் கண்டவர் அவரே என்பர். லண்டன் மாநகரச் சந்துகள் சிலவற்றில் 1617ஆம் ஆண்டிலேயே அவ்வழக்கம் இருந்தது. சாலை நடுவே நடப்போர் ஒதுங்கி நிற்கும் மேடையும் அவர் கண்டதன்று. 1862இலேயே லிவர்ப்பூல் நகரில் அது அமைக்கப்பட்டது. சிதறிக் கிடந்த இத்தகைய வழக்கங்களைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று முரணாத நெறிகளாக்கி, ஒரு பெருநகரத்தை அவற்றின்படி ஒழுகச் செய்ததே அவருடைய உண்மையான அருஞ்செயல். இல்லாத பெருமையைச் சூட்ட வேண்டாத அளவுக்கு அது பெரியது.

1909இல் அவர் தெருப் போக்குவரத்து ஒழுங்கினைப் பற்றித் தனி நூலொன்று வெளியிட்டார். பிற நகரங்கள் அவருடைய விதிகளைத் தழுவித் தம் விதிகளை அமைத்துக்கொண்டன. பாரிசு, லண்டன் முதலிய நகரங்களின் போக்குவரத்துக்கும் அவர் திட்டங்கள் கூறினார். 1921ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்ட்போர்ட் என்னும் ஊரின் பகுதியாகிய சாகட்டக்கில், தம் செல்வத்தைக்கொண்டு போக்குவரத்து ஆராய்ச்சிக்கென அறநிலையமொன்றை நிறுவினார்.

எனினும், அவர் கருத்துகள் அனைத்தும் வென்றுவிடவில்லை. 1914இல் கிளீவ்லந்து நகரில் மின்சார விளக்கால் போக்குவரத்தை நிறுத்தியும் விடுத்தும் நடத்தும் முறை தோன்றிற்று. 1920இல் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவிலும் விளக்குக் கோபுரங்கள் எழுந்தன. வண்டிகள் நின்று நின்று செல்வதைவிட, வட்டத்தைச் சுற்றி நில்லாமல் ஓடுவதே மேல் என்பது ஈனோவின் துணிபு. காலம் விளக்கின் பக்கமே சென்றது. பொறியியல் கற்ற இளைஞர் பலர் இத்துறையில் புகுந்தனர். தாமே முயன்று கற்ற முதியவரின் சொல்லுக்கு முன்போல் மதிப்பு இல்லாதொழிந்தது. வட்ட முறையிலும் ஒரு குறை இருந்தது. பழைய வட்டங்கள் பலவற்றில், உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டி, புதிதாக நுழைவதற்கு வழிவிட்டு நின்றது. அதனால் வண்டிகள் பெருகியபோது வட்டமே அடைபட்டது. நுழைவோனே காத்திருக்கவேண்டும் என்னும் விதியை இங்கிலாந்து 1966இல் மேற்கொண்டபின் அக்குறை நீங்கிற்று. சுற்றுவட்டங்கள் உலகின் பல நாடுகளிலும் மீண்டும் பெருகின. அதனைக் காண ஈனோ உயிரோடு இல்லை.

அவர் கண்ட வேறொன்று உண்டு. 1938ஆம் ஆண்டில், அவருக்கு எண்பது வயது நிறைந்தபோது, கனெக்டிகட்டில் மெரிட் பார்க்வே என்னும் நெடுஞ்சாலையின் முதற்பகுதி திறக்கப்பட்டது. 1940இல் அது முழுதும் முடிவுற்றது. ஏறத்தாழ 37 மைல் நீளமுள்ள அச்சாலை, அவர் அறநிலையம் நிறுவிய வெஸ்ட்போர்ட் ஊரின் வழியாகவே செல்கின்றது. எதிரும் புதிருமான போக்குகளைப் புல்வெளியொன்று பிரிக்கின்றது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு தடங்கள். பாரவண்டிகளுக்கு அங்கே இடமில்லை. மெல்லச் செல்வோர்க்கு வலத்தடம், முந்துவோர்க்கு இடத்தடம் என்று குதிரைக் காலத்தில் அவர் சாட்டை வைத்திருந்தவனுக்குச் சொன்ன விதி, அங்கே சாலையின் அமைப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. வண்டியோட்டி தன் தடத்தை மறவாது நினைந்தால் போதும். அந்நினைவு எல்லார்க்கும் இருந்துவிடவில்லை. 1937ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பன்னிரண்டு வண்டிகள் மறித்து நின்றதைக் கண்டு கவன்ற சிறுவன், முதியவனாகிக் கேட்ட செய்தி இது.

ஈனோவின் வாழ்க்கையில் யாவரும் வியக்கும் செய்தி ஒன்று எஞ்சியிருக்கின்றது. மோட்டார் ஓட்டுவோர்க்கெல்லாம் ஓட்டுநெறி கூறிய அப்பெரியார், தாம் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. குதிரையேற்றத்தில் அவருக்கு விருப்பம் மிகுதி. மோட்டாரில் செல்லவேண்டியபோது ஓட்டுநர் ஒருவர் ஓட்ட, அவர் பின்னே அமர்ந்து சென்றார். ஓட்டத் தெரியாதவர் ஓட்டுவோர்க்கு விதி சொல்வதா என்று வினவுதல் எளிது. ஆனால், கடிவாளமோ சக்கரமோ கையில் இல்லாதவன் கண்ணுக்கே தெருவில் நடப்பது முழுதும் புலப்படும் போலும். ஒன்பது வயதில் தாயின் அருகே அமர்ந்து நோக்கிய அதே இடத்திலிருந்துதான் அவர் இறுதிவரையில் தெருவை நோக்கினார்.

1945ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள், தம் எண்பத்தேழாம் வயதில், ஈனோ கனெக்டிகட்டில் காலமானார். அவர் நிறுவிய அறநிலையம் 1947இல் போக்குவரத்து ஆராய்ச்சிக்கெனக் காலாண்டு இதழொன்றைத் தொடங்கிற்று. பின்னாளில் வாஷிங்டன் நகருக்கு இடம்பெயர்ந்து, அவர் பெயரோடே பணிபுரிந்து வருகின்றது. நியூயார்க்கில் கொலம்பசின் சிலையைச் சுற்றி வண்டிகள் இன்றும் ஒரே திசையில் சென்றுகொண்டிருக்கின்றன.